நாற்பது தட்டும் ஒரு ஜன்னலும்

பீட்டில்ஸ் குழுவின் ஜான் லென்னன் 1965-ல் ஒரு பெட்டி வாங்கினார். கேபி டிஸ்கோமேட்டிக் என்ற, கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஜூக்பாக்ஸ். பக்கத்துக்கு ஒரு பாட்டு ஓடும் சின்ன இசைத்தட்டுகள் நாற்பது அதற்குள் அடங்கும். எந்தப் பொத்தானுக்கு எந்தப் பாட்டு என்ற பட்டியலை அவரே கைப்பட எழுதி வைத்திருந்தார். 1980-ல் லென்னன் சுட்டுக்கொல்லப்பட்டார். 1989-ல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அந்தப் பெட்டி 2,500 பவுண்டுக்குப் போனது. 2004-ல் அதைப் பற்றி ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது. அதிலிருந்த பாட்டுகளைத் தொகுத்துக் குறுந்தகடும் விற்றார்கள்.

புகழ்பெற்ற ஓர் இசைக்கலைஞர் வீட்டில் எதைக் கேட்டார் என்ற பட்டியல் கிடைத்ததும் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ‘பார்த்தாயா, இங்கேயிருந்துதான் சுட்டிருக்கிறார்’ என்பது ஒரு கட்சி. ‘என்ன ரசனை! மேதை என்றால் சும்மாவா?’ என்பது இன்னொரு கட்சி. நம் சினிமா இசை பற்றிய பேச்சில் இந்த இரண்டு குரல்களும் நாள்தோறும் கேட்கின்றன. இரண்டுமே பட்டியலைத் தவறாகப் படிக்கின்றன என்று நினைக்கிறோம். வீட்டில் இருந்த தட்டுகளை வைத்து ஒரு கலைஞரைப் பற்றி எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது? இதை விளங்கிக்கொள்ள லென்னனின் லிவர்பூல் வரை போகத் தேவையில்லை. மதுரை போதும்.

முதலில் பெட்டியைப் பற்றி. யூடியூபில் ஒரு படத்தின் எல்லாப் பாட்டையும் வரிசையாக ஓடவிடும் காணொளியைத்தான் இன்றைய பிள்ளைகளுக்கு ஜூக்பாக்ஸ் என்ற பெயரில் தெரியும். அசல் ஜூக்பாக்ஸ் காசு போட்டால் பாடும் இயந்திரம். 1889-ல் சான் பிரான்சிஸ்கோவின் ஒரு மதுக்கடையில் லூயி கிளாஸ் என்பவர் காசு விழுந்தால் ஓடும் போனோகிராப்பை வைத்ததிலிருந்து அதன் கதை தொடங்குகிறது. உள்ளே தட்டுகள் அடுக்கியிருக்கும். பொத்தானை அமுக்கினால் ஒரு கை நீண்டு, வேண்டிய தட்டை எடுத்துச் சுழலவிட்டு, முள்ளை வைக்கும். பாட்டு முடிந்ததும் தட்டு பழைய இடத்துக்குப் போய்விடும். கடையில் இருக்கும் பெட்டியில் கடைக்காரர் ஊருக்குப் பிடித்ததை வைப்பார். வீட்டுக்கு வந்துவிட்டால் ஒருவருக்குப் பிடித்தது மட்டும் இருக்கும். நாற்பதுக்கு மேல் இடமில்லை என்பதால் ஒன்றைச் சேர்க்க இன்னொன்றை வெளியே எடுக்க வேண்டும். அதனால்தான் லென்னனின் பட்டியலுக்கு இவ்வளவு மதிப்பு. கோடிப் பாட்டுகள் கைப்பேசியில் இருக்கும் இந்தக் காலத்தில் ஒருவரின் ‘விருப்பப் பட்டியல்’ அந்த அளவுக்கு எதையும் காட்டிக்கொடுக்காது.

அந்த நாற்பதில் பாபி பார்க்கர் 1961-ல் வெளியிட்ட ‘வாட்ச் யுவர் ஸ்டெப்’ உண்டு. அதன் கிட்டார் துணுக்கிலிருந்துதான் ‘ஐ ஃபீல் ஃபைன்’ பாட்டின் தொடக்கம் பிறந்தது என்பதை லென்னனே ஒளிக்கவில்லை. ஆனால் ஆண்டுகளைக் கவனியுங்கள். ‘ஐ ஃபீல் ஃபைன்’ வெளிவந்தது 1964-ல். பெட்டி வாங்கியது அடுத்த ஆண்டு. வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகும் அந்தத் தட்டை அவர் தூக்கிப் போடவில்லை. நாற்பதில் ஓர் இடம் கொடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். திருடிய பொருளை யாரும் கூடத்தில் பார்வைக்கு வைப்பதில்லை. அது வாத்தியாரை மறக்காத மாணவனின் செய்கை.

இனி மதுரை. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எட்டிய தூரத்தில் ஹனுமந்தராயன் கோயில் தெரு. அங்கே 1916 செப்டம்பர் 16-ல் பிறந்த குழந்தைக்குக் குஞ்சம்மா என்று செல்லப்பெயர். அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். அண்ணன் சக்திவேல் மிருதங்கம், தங்கை வடிவாம்பாள் வீணை. இப்படி ஒரு வீட்டுக்கு வெளியிலிருந்து இசையைக் கொண்டுவரப் பெட்டி எதற்கு என்று தோன்றும். ஆனாலும் அந்தப் பெண் கிராமபோனில் சொக்கிப்போனார். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி வாயருகே வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பாடிக்கொண்டிருந்ததாக எம்.எஸ். சுப்புலட்சுமி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

குழந்தை விளையாட்டுத்தான். ஆனால் அதில் ஒரு சரியான பார்வை இருக்கிறது. கிராமபோனின் கூம்பைப் பாட்டு வெளியே வரும் வாயாகத்தான் நாம் பார்க்கிறோம். 1920-களின் நடுப்பகுதி வரை ஒலிப்பதிவுக்கு மைக் கிடையாது. பாடகர் இதே போன்ற கூம்பின் அகன்ற வாய்க்குள் உரக்கப் பாடுவார். குரலின் அதிர்வு கூம்பின் மறுமுனையில் ஒரு சவ்வை ஆட்ட, அதோடு இணைந்த ஊசி மெழுகில் கோடு கிழிக்கும். பாட்டு உள்ளே போன வழியும் வெளியே வந்த வழியும் ஒன்றுதான். எம்.எஸ். கையிலிருந்த காகிதக் கூம்பு கேட்பவருடைய கருவி அன்று, பாடுபவருடைய கருவி. தட்டைக் கேட்கும்போதே அந்தப் பெண் தன்னைத் தட்டுக்குள் இருப்பவராக நினைத்துக்கொண்டிருந்தார். பத்து வயதில் அது நடந்தும் விட்டது. அம்மா வீணை வாசிக்க, மகள் பாடிய முதல் இசைத்தட்டு வெளிவந்தது.

தொடக்ககாலத் தட்டுகளின் முடிவில் பாடகர் தன் பெயரைச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் ஒன்று இருந்தது. 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய தட்டுகளில் கடைசியில் அவர் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்வது கேட்கும். தற்பெருமை என்று நினைத்துவிடக் கூடாது. மெழுகுப் பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் ஆலைக்குப் போய்த் தட்டாக வார்க்கப்பட்டன. அங்கிருந்த தொழிலாளிக்கு இந்துஸ்தானியும் தெரியாது, யார் பாடியது என்பதும் தெரியாது. சரியான சீட்டை ஒட்டுவதற்கு அந்த அறிவிப்பு உதவியது. கல்கத்தாவிலேயே தட்டு வார்க்கும் ஆலை வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான்.

தட்டு எப்படிப்பட்ட வாத்தியார் என்று இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான பாட்டுதான் பிடிக்கும். கச்சேரியில் முக்கால் மணி நேரம் விரியும் ராகத்தை அதற்குள் அடக்க வேண்டும். ஆலாபனை இரண்டு மூன்று பிடிகளில் முடியும். நிரவலைத் தொட்டு விட்டுவிடுவார்கள். சில சமயம் தொடவே மாட்டார்கள். இதனால் கர்நாடக சங்கீதம் கெட்டது என்று அன்றே முணுமுணுத்த வித்துவான்கள் உண்டு. அது முழு உண்மையும் அல்ல. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும், நேரம் குறைவானதால் ராகம் சிறுத்துவிடவில்லை. எது இல்லாவிட்டால் தோடி தோடியாக இருக்காதோ அதை மட்டும் எடுத்து வைக்கும் கட்டாயம் வந்தது. கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு மூன்று நிமிடம் வசதி. மனத்தில் முழுசாகத் தங்கும்.

இன்னொரு வசதியும் உண்டு. குரு ஒரு சங்கதியை நேற்றுப் பாடியதுபோல இன்று பாட மாட்டார். தட்டு மாறாது. நூறு முறை கேட்டாலும் அதே இடத்தில் அதே கமகம், சலித்துக்கொள்ளாது, கடிந்துகொள்ளாது. அதே சமயம் தட்டு ஓரக்கண்ணால் பார்த்துத் திருத்தவும் செய்யாது. நீங்கள் தவறாகப் பாடினால் அதற்கு அக்கறையில்லை. அதன் சுருதியையும் நம்ப முடியாது. சாவி கொடுத்து ஓட்டும் பெட்டியில் சுருள்வில் தளரத் தளரத் தட்டின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் சுருதி இறங்கும். ஒன்றரைக் கட்டையில் பாடியவர் பாட்டு முடியும்போது ஒரு கட்டைக்கு வந்திருப்பார். வீட்டில் வீணை வாசிக்கும் அம்மா இருந்தால்தான் பிள்ளைக்கு இது பிழை என்று தெரியும். கிராமபோனைக் கேட்டே பாட்டுக் கற்றேன் என்று யாராவது சொன்னால், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்க வேண்டும்.

முள்ளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக்காலத் தட்டு அரக்கால் ஆனது. பெருமளவு அரக்கு இந்தியக் காடுகளிலிருந்துதான் உலகத்துக்கே போயிற்று. முள் எஃகு. ஒரு பக்கம் ஓடியதும் முள்ளை மாற்ற வேண்டும் என்பது விதி. முள் காசு என்பதால் பல வீடுகளில் ஒரே முள் பத்துப் பக்கம் ஓடியது. மழுங்கிய முள் தட்டின் வரிகளை அரித்துவிடும். ஆக, ஒரு வீட்டில் அதிகம் கேட்கப்பட்ட தட்டுதான் அதிகம் தேய்ந்திருக்கும். பழைய தட்டு சேகரிப்பவர்கள் கீறலில்லாத தட்டுக்கு நல்ல விலை தருவார்கள். அந்த வீட்டுக்காரரின் ரசனையை அறிய விரும்புபவர் இரைச்சல் மட்டும் மிச்சமிருக்கும் தட்டைத் தேட வேண்டும். புத்தம்புதிதாக இருக்கும் தட்டு, யாரோ அன்பளிப்பாகத் தந்து ஒருமுறை ஓடியதாக இருக்கலாம். பட்டியலில் இரண்டுக்கும் ஒரே மாதிரி ஒரு வரிதான்.

பட்டியலில் ஒரு வரிகூடப் பெறாதவையும் உண்டு. எம்.எஸ். மதுரை வீட்டில் இரவில் எல்லோரும் உறங்கிய பின் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்து வானொலியிலிருந்து வந்த இந்துஸ்தானி இசையைக் கேட்டதைச் சொல்லியிருக்கிறார். பின்னாளில் காசியின் சித்தேஸ்வரி தேவியிடம் அவர் முறையாகப் பாடம் கேட்டதும், திலீப்குமார் ராயிடம் பஜன்கள் கற்றதும், அவர் நடித்த ‘மீரா’ படம் இந்திக்குப் போனதும் எல்லோரும் எழுதுகிற வரலாறு. அந்த வரலாற்றின் முன்னுரை ஒரு ஜன்னலில் இருக்கிறது. அவருக்குப் பிடித்த தட்டுகள் எவை என்று எவ்வளவு நேர்த்தியாகப் பட்டியல் போட்டாலும் அதில் இந்த ஜன்னல் வராது. ஏனென்றால் அது அவர் வாங்கிய பொருள் அல்ல.

இதையே அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகலாம். டி.எம். சௌந்தரராஜன் 1922 மார்ச் 24-ல் மதுரையில் பிறந்தவர். வீட்டில் பேசியது சௌராஷ்டிரம். காரைக்குடி ராஜாமணி ஐயங்காரிடம் முறையாகச் சங்கீதம் கற்றார். ஆனால் ஊரில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது எம்.கே. தியாகராஜ பாகவதரின் பாட்டுகளை அச்சு அசலாகப் பாடிக் காட்டியதுதான். அந்த வயதில் தமிழ்நாட்டில் பாடத் தெரிந்த எந்த இளைஞனுக்குப் பாகவதர் பிடிக்காமல் இருந்தது? பாகவதர் நடித்து 1937-ல் வந்த ‘சிந்தாமணி’யை எடுத்தது மதுரை ராயல் டாக்கீஸ் நிறுவனம். படம் கொட்டிய லாபத்தில் மதுரையில் கட்டிய திரையரங்குக்குச் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள். பாகவதரின் குரல் சௌந்தரராஜன் வளர்ந்த ஊரில் செங்கல்லும் சுண்ணாம்புமாகவே எழுந்து நின்றது என்று சொன்னால் மிகையில்லை.

அந்தக் காலத்தில் படத்தில் கேட்ட பாட்டும் தட்டில் கேட்ட பாட்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. தட்டுக்கென்று தனியாக மறுபடி பாடுவார்கள். படத்தில் பாடியவர் ஒருவர், தட்டில் பாடியவர் வேறொருவர் என்பதும் நடந்தது. இன்றைக்கு ஒரு பழைய தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ‘இதைக் கேட்டுத்தான் அவர் கற்றார்’ என்று அடித்துச் சொல்வதில் உள்ள ஆபத்துகளில் இதுவும் ஒன்று.

சௌந்தரராஜனுக்குச் சினிமாவில் முதலில் கிடைத்த வாய்ப்பே பாகவதரின் நிழல்தான். 1950-ல் வெளியான ‘கிருஷ்ண விஜயம்’ படத்தில் அவர் பாடியது ‘சிந்தாமணி’யில் பாகவதர் பாடிய ராதைப் பாட்டை அடியொற்றிய பாட்டு. குரலும் அப்படியே. இத்தோடு நின்றிருந்தால் ‘இன்னொரு பாகவதர்’ என்று ஒரு வரியில் முடிந்திருக்கும். 1954-ல் ‘தூக்குத் தூக்கி’ வந்தது. சிவாஜி கணேசனுக்கு அதுவரை பெயர் சொல்லும்படி பாடியவர் ‘பராசக்தி’யின் சி.எஸ். ஜெயராமன். அந்த இடத்தில் சௌந்தரராஜன் பாகவதரை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. சிவாஜியின் பேச்சுக்குரல் எந்த இடத்திலிருந்து எழும்புகிறதோ அந்த இடத்திலிருந்து பாட்டை எடுத்தார். பிறகு எம்.ஜி.ஆருக்கு வேறோர் இடம். மேல்ஸ்தாயியில் தயங்காமல் நிற்கும் தெம்பு, சொல்லைத் தெளிவாக உடைத்து வைக்கும் ஒழுங்கு ஆகியவை மட்டும் கடைசி வரை பாகவதரிடமிருந்து வந்த சொத்தாக இருந்தன என்பது என் காதுக்குப் படுவது. மற்றதெல்லாம் அவர் தொழிலில் சம்பாதித்தது. மதுரை முனிச்சாலையில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அது பாகவதரைப் போலப் பாடியதற்காக வைத்த சிலை அல்ல.

பிடித்த தட்டு கலைஞருக்கு ஒரு குரலைத் தருகிறது. அவர் தம் குரலைக் கண்டுபிடிப்பது அந்தத் தட்டு உதவாத ஒரு வேலை வந்து எதிரே நிற்கும்போதுதான். ‘சுட்டார்’ கட்சி முதல் பாதியை மட்டும் பார்க்கிறது. ‘மேதை’ கட்சி இரண்டாம் பாதியை மட்டும் பார்த்துவிட்டு, அது வானத்திலிருந்து விழுந்தது என்கிறது.

வீட்டில் பெட்டி வைத்துக்கொள்ள வசதி இல்லாதவர் என்ன கேட்டார்? மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் இதுதான் பெரும்பாலோர் நிலை. திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் கிராமபோன் பெட்டி இருந்த வீட்டை ஊரே அடையாளம் சொல்லும். மற்றவர்களுக்குப் பாட்டு வந்த வழி ரேடியோ செட். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் முதல் நாளே செட்டுக்காரர் வந்து வேப்பமரத்திலோ நட்ட கம்பத்திலோ குழாயைக் கட்டுவார். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. அப்புறம் நிகழ்ச்சிக்குத் தக்கபடி: மருமகளை வரவேற்கும் பாட்டு, தாய்மாமன் சீர் கொண்டுவரும்போது ஒன்று, இரவில் சாப்பாட்டுப் பந்தி ஓய்ந்த பின் சோகப் பாட்டு. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) நாகஸ்வரத் தட்டு இல்லாத செட்டுக்காரர் அந்நாளில் தொழில் நடத்தியிருக்க முடியாது. அதை வாசித்த சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் மதுரைக்காரர்கள். பழம்பெரும் நாகஸ்வர மேதை மதுரை பொன்னுசாமிப் பிள்ளையின் பேரர்கள்.

டெண்டுக் கொட்டகையிலும் படம் தொடங்குமுன் கூரைமேல் குழாய் பாடும். பக்திப் பாட்டு வந்தால் டிக்கெட் கொடுக்கப்போகிறார்கள் என்று மூன்று மைல் தள்ளிக் களத்துமேட்டில் நிற்பவருக்குத் தெரியும். வீட்டு ஜூக்பாக்ஸில் பொத்தான் ஒருவர் கையில். இங்கே பொத்தான் செட்டுக்காரர் கையில், கேட்பவர் நூற்றுக்கணக்கானோர். சின்னப் பையன் ஒருவனுக்கு ஒரு பாட்டு மறுபடி கேட்க வேண்டுமென்றால் செட்டுக்காரருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துச் சிநேகம் பிடிக்க வேண்டும். அல்லது அடுத்த கல்யாணம் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் பாட்டு மனத்துக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் மாறவும் செய்யும். தட்டு எத்தனை முறை ஓடினாலும் மாறாது என்றேன். நினைவு ஒவ்வொரு முறையும் மாற்றும். இசையமைப்பாளராக வரப்போகிறவனுக்கு இரண்டாவது வகைக் கேள்விதான் நல்ல பயிற்சி என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க முடியாத கருத்துதான்; ஆனால் தட்டு வாங்க வசதியில்லாத வீடுகளிலிருந்து வந்த நம் இசையமைப்பாளர்களை நினைத்தால் அது பொய் என்று தள்ளவும் முடியவில்லை.

இலங்கை வானொலியை இங்கே விட்டுவிட முடியாது. 1952-ல் பி.வி. கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பின் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகிவிட்டது. தென்தமிழ்நாடு காதைக் கொழும்புப் பக்கம் திருப்பிக்கொண்டது. அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனனின் குரலுக்காகவே டீக்கடையில் கூட்டம் நின்றது. நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிட்டுத் தன் பெயர் வருமா என்று காத்திருந்த தலைமுறை இன்னும் மதுரை வீதிகளில் நடமாடுகிறது. 1957-ல் விவித பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் விட்டுப்போக வெகுகாலம் ஆயிற்று.

பண்ணைப்புரம் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. தேனி தனி மாவட்டமானது 1990-களில்தான். 1943-ல் அங்கே பிறந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனின் பொதுவுடைமைக் கட்சிப் பாட்டுக் குழுவில் ஊர் ஊராக ஆர்மோனியம் வாசித்து வளர்ந்தார். சகோதரர்கள் சென்னைக்குப் புறப்பட்டபோது அம்மா சின்னத்தாயம்மாள் வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை 400 ரூபாய்க்கு விற்று வழிச்செலவுக்குக் கொடுத்தார் என்பது அவர் மேடைகளில் சொல்லிப் பலரும் அறிந்த செய்தி. வீட்டில் இருந்த ஒரே பாட்டுப்பெட்டி பயணச்சீட்டாக மாறிவிட்டது. பிடித்த தட்டுகளின் பட்டியல் தேடி அந்த வீட்டுக்குப் போனால் கிடைப்பது வெறும் சுவர்.

சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைக் கற்றார். சலில் சௌதுரி முதலானோரின் குழுக்களில் கிட்டார் வாசித்தார். விஸ்வநாதன் - ராமமூர்த்தி மேல் தமக்குள்ள பக்தியை ஒருநாளும் மறைக்கவில்லை. 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தபோது மதுரைச் சுற்றுவட்டாரக் குழாய்களில் ஒலித்தது, அதே குழாய்களைக் கேட்டு வளர்ந்தவரின் பாட்டு. 1986-ல் வந்த ‘ஹவ் டு நேம் இட்?’ இசைத்தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். அதில் ஒரு பகுதிக்கு ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்று பெயர். ஜெர்மானியரான பாக் 1750-ல் இறந்தவர். அவர் ஒருவரின் வீட்டுக்கு வருவதற்குத் தட்டும் ஒரு வழி, சுரக்குறிப்புத் தாளும் ஒரு வழி. இளையராஜா விஷயத்தில் தாள்தான் முக்கியமான வழி என்பது அந்தத் தொகுப்பைக் கேட்டாலே விளங்கும். காதில் விழுந்த மெட்டைப் பிடித்துக்கொண்டு எழுதியதல்ல அது. குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் பாக்கின் கட்டுமானத்தை இலக்கணமாகக் கற்று, நம் ராகங்களை அதற்குள் நடக்கவிட்டிருக்கிறார். எந்தத் தட்டிலிருந்து எடுத்தார் என்று தேடுபவர் இங்கே வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

மூவருக்கும் கேட்ட விதம் வெவ்வேறு. ஒருவருக்குக் கூம்பும் ஜன்னலும், ஒருவருக்கு ஊரே முணுமுணுத்த ஒரு நட்சத்திரத்தின் குரல், ஒருவருக்கு விற்றுவிட்ட வானொலியும் சுரத்தாளும். ‘உங்களுக்குப் பிடித்த பத்துப் பாட்டு எது?’ என்று இவர்களிடம் கேட்டுப் பதில் வாங்கியிருந்தால் நல்ல பேட்டி கிடைத்திருக்கும். அந்தப் பாட்டுகளை முதலில் எங்கே நின்று கேட்டீர்கள், யார் போட்டார்கள், மறுபடி கேட்க என்ன செய்தீர்கள், உங்களைத் திருத்தியவர் யார் என்று கேட்டிருந்தால் இசையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்கும். இன்றைய இசையமைப்பாளர்களைப் பேட்டி எடுப்பவர்கள் இரண்டாவது வகைக் கேள்விகளுக்கு மாறினால் நல்லது.

ஒரு வேண்டுகோள். மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பழைய வீடுகள் இடிபடும்போதெல்லாம் பரணிலிருந்து தட்டுகள் இறங்குகின்றன. பெரும்பாலும் உடைந்து குப்பைக்குப் போகின்றன. எஞ்சியவை எடைக்குப் போகின்றன. அரக்குத் தட்டை ஸ்பிரிட் வைத்துத் துடைக்காதீர்கள்; அரக்கு அதில் கரைந்துவிடும். ஈரத்துணியால் தூசியை எடுத்தால் போதும். படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள். எல்பி தட்டுக்கு உரிய முள்ளில் 78 சுற்றுத் தட்டை ஓட்டாதீர்கள். அதன் வரி அகலமானது, வேறு முள் வேண்டும். நடுவில் உள்ள சீட்டைப் படம் பிடியுங்கள். சீட்டுக்கும் பாட்டு வரிகளுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும்படி ஓர் எண் பொறித்திருக்கும். பதிவை அடையாளம் காண அந்த எண்தான் ஆதாரம்; அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தட்டு உங்களுக்கு வேண்டாமென்றால், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பிலிருந்து பிறந்த சென்னை ஆராய்ச்சி நூலகம் போன்ற காப்பகங்களை விசாரியுங்கள். கொடுப்பதற்கு முன், அந்தத் தட்டு வீட்டில் யாருக்குப் பிடித்தது, எந்தப் பக்கம் அதிகம் ஓடியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி உறைக்குள் வைத்து அனுப்புங்கள்.